சீட்டு மாத்தறதில்லீங்க

"அம்மிணி, உன்றதுல முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்குது. என்றதுல அம்பத்திரண்டு. நடுவுல இருவது வரிசை என்ன பண்ணுது?"

போர்டிங் பாஸ் இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு அங்கமுத்து கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒருமுறை பார்த்தார், மூக்குக்கு இறக்கி ஒருமுறை பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் எண் மாறவில்லை.

"எனக்கென்னங்க தெரியும். கம்ப்யூட்டர் போட்டிருக்கும்," என்றாள் சித்ரகலா.

கம்ப்யூட்டர் போடவில்லை. போட்டது அமெரிக்காவில் இருக்கும் மகள். போடச் சொன்னது சித்ரகலா. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, போனில் ரகசியமாகச் சொன்னாள்: "ரெண்டு சீட்டையும் எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடு கண்ணு. காரணம் கேக்காத."

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. திருப்பூரில் ஒரு சின்னத் தையல் யூனிட் அவர்களுடையது. பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்புகிற பனியன் துணியைத் தைத்துக் கொடுப்பார்கள். அங்கே அங்கமுத்துவின் மேசைக்கு நேரெதிரே சித்ரகலாவின் செக்கிங் மேசை. காலையில் வீட்டில் எதிரெதிரே காபி, பகலெல்லாம் யூனிட்டில் எதிரெதிரே வேலை, ராத்திரி எதிரெதிரே சோறு. மனுஷர் கெட்டவரில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கூப்பிடுவார், அவ்வளவுதான். அம்மிணி, கண்ணாடி எங்க? அம்மிணி, தண்ணி குடிச்சியா? அம்மிணி, நான் இப்ப என்ன சொல்ல வந்தேன்? கல்யாணமானதிலிருந்து அவள் ஒரு சினிமாவைக்கூட நிம்மதியாகப் பார்த்ததில்லை. முடிவை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார், அதையும் தப்பாக.

ஒரே ஒரு ராத்திரி. யாரும் அம்மிணி என்று கூப்பிடாத ஒரு ராத்திரி. பெங்களூரில் ஏறினால் அமெரிக்காவில்தான் இறக்கிவிடுகிற அந்த விமானத்தில், எந்தச் சாமி வந்து நின்று கேட்டாலும் சீட்டை விட்டுக் கொடுப்பதில்லை என்று கார் அவிநாசியைத் தாண்டும்போதே அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அங்கமுத்து சும்மா விடவில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம், கட்டின பொண்டாட்டியையும் புருஷனையும் பிரிக்க உங்க கம்பெனிக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விமானம் நிறைந்துவிட்டது, உள்ளே போய் யாராவது மாற்றிக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள் என்று அந்தப் பெண் கைகூப்பினாள். சித்ரகலா முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்கு நன்றாகவே வந்தது.

உள்ளே போய் நடைபாதை ஓரச் சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள். முன்சீட்டு முழங்காலை இடித்தது, கொடுத்த போர்வை கர்ச்சீப்பைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இருந்தாலும் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்தாள். கைகள் சும்மா இருந்தன. அது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

சன்னலோரத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா விமானம் கிளம்பும் முன்பே கண்ணை மூடும் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். நடுச்சீட்டில் நித்தீஷ் என்று ஒரு பையன், சோமனூர்க்காரன், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவனே அறிமுகம் செய்துகொண்டான். அதற்குள் தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு பணிப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு அங்கமுத்து வந்து நின்றார்.

கடைசி வரிசையில் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தரும் அசையவில்லை என்றார். தன்னுடையது அம்பத்திரண்டாம் வரிசை நடுச்சீட்டு, பாத்ரூம் பக்கத்திலேயே வசதியாக இருக்கும், தம்பி மாறிக்கொள்ள முடியுமா என்று நித்தீஷிடம் கேட்டார். அப்படி ஒரு சீட்டுக்கு எவன் வருவான் என்று சித்ரகலா தைரியமாக இருந்தாள்.

"அதுக்கென்னங்க, நான் போயிக்கறேன்," என்று நித்தீஷ் பெல்ட்டைக் கழற்றினான். நல்ல வளர்ப்பு.

அங்கமுத்து வாயைத் திறந்தார், மூடினார். வார்த்தை வரவில்லை. நெகிழ்ந்து போய்விட்டார், பாவம், என்று நினைத்துக்கொண்டே சித்ரகலா குறுக்கே பாய்ந்தாள்.

"ஏந்தம்பி, முதுகு வலி உசுரு போகுதுன்னு இப்பத்தானே சொன்னீங்க? கடைசி சீட்டு சாயவே சாயாதாம். அங்க போயி ராத்திரி பூரா எப்படி உக்காருவீங்க?"

நித்தீஷ் அப்படி எதுவும் சொல்லவில்லை. திகைத்து அவளைப் பார்த்தான். கோணலாகத் தைத்த காலரை நேராக இருக்கிறது என்று சாதிக்கும் டெய்லரை அவள் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றான் நித்தீஷ், மெதுவாக. "முதுகு."

அங்கமுத்துவுக்கு உடனே பேச்சு வந்துவிட்டது. முதுகு வலி என்றால் விளையாட்டா, நீங்கள் அசையவே கூடாது தம்பி என்று அவனை உட்கார வைத்துப் பெல்ட்டையும் அவரே மாட்டிவிட்டார். இந்தப் பையனை நன்றாகக் கவனித்துக்கொள் என்று பணிப்பெண்ணிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

பணிப்பெண் கவனித்துக்கொண்டாள். வந்த வினை அதுதான்.

விமானம் மேலே ஏறி, தகரத்தாள் மூடிய சாப்பாடு வந்து போய், சித்ரகலா ஒரு படத்தைப் போட்டு, அதில் கதாநாயகியை அப்பன்காரன் அறைக்குள் வைத்துப் பூட்டுகிற நேரத்தில் பணிப்பெண் வெந்நீர்ப் பை கொண்டுவந்தாள். அப்புறம் மாத்திரை கொண்டுவந்தாள். அப்புறம் பயணிகளில் ஒரு டாக்டரையே தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். டாக்டர் நித்தீஷைக் குனியவைத்து முதுகில் நாலு இடத்தில் அமுக்கினார். அமுக்கிய இடத்திலெல்லாம் நிஜமாகவே வலி வந்துவிட்டது. அவன் கத்தின கத்தலில் பணிப்பெண் மனம் கரைந்து, முன்னால் காலை நீட்டி உட்கார ஒரு சீட்டு காலியாக இருக்கிறது, அங்கே வாருங்கள் என்றாள். நித்தீஷ் துள்ளி எழுந்தான். நாலடி போனதும் ஞாபகம் வந்து, கூன் போட்டுக்கொண்டு நடந்தான்.

இப்போது சித்ரகலாவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு காலி.

திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், இருட்டில், வரிசை வரிசையாய்த் தலைகளுக்கு மேலே அங்கமுத்துவின் வழுக்கை எழுந்து நின்றது. பாத்ரூமுக்கா, இங்கேயா என்று சொல்ல முடியவில்லை. சித்ரகலாவுக்குப் படம் மறந்து போயிற்று. யாரையாவது உடனே அந்தச் சீட்டில் போட்டு அடைக்க வேண்டும்.

நடைபாதையில் ஒரு பெண் அழுகிற கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தாள். ரோஸ்மேரி என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவள். இப்போது அமெரிக்காவில் வேலையிலிருக்கிற புருஷனிடம் போகிறாள். சித்ரகலா அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, இங்க உக்காரு கண்ணு, ரெண்டு எட்டு வெச்சா நடைபாதை, கொழந்தைக்கு வசதி என்றாள்.

"எக்கா, நல்லா இருப்பிய. அங்க ரெண்டு ஆம்பளையளத் தாண்டித் தாண்டி வந்து முடியல," என்று ரோஸ்மேரி உட்கார்ந்தாள்.

குழந்தை உட்காரவில்லை. அது சித்ரகலாவிடம் தாவியது. படம் பார்க்கிற ஒயரைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பியது. அவள் மடியில் கவிழ்ந்து, புடவைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டென்று தூங்கியும் போனது.

பரவாயில்லை, கோட்டை பத்திரம் என்று சித்ரகலா மூச்சு விடும்போது பணிப்பெண் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"மேடம், சந்தோஷமான விஷயம். உங்க ஹஸ்பெண்ட் பக்கத்துல சீட்டு காலியாயிடுச்சு. வாங்க."

"எப்படிக் காலியாச்சு?"

"இவங்க அங்கதான இருந்தாங்க," என்று பணிப்பெண் ரோஸ்மேரியைக் காட்டினாள்.

அம்பத்திரண்டு வரிசையில் எத்தனையோ சீட்டு. அத்தனையையும் விட்டுவிட்டு, அவள் தன் கையாலேயே புருஷன் பக்கத்துச் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்திருக்கிறாள். பணிப்பெண்ணுக்குப் பின்னால் அங்கமுத்துவே வந்து நின்றார், முகம் தொங்கிப் போய். சுற்றி நாலைந்து வரிசைகள் விழித்துக்கொண்டன. போங்கம்மா, பெரியவர் எவ்வளவு நேரமாத் தவிக்கறாரு என்று பின்னாலிருந்து ஒருவர் சிபாரிசு செய்தார்.

"நான் வரலீங்க," என்றாள் சித்ரகலா.

அந்த வார்த்தையை அவள் அவரிடம் அதுவரை சொன்னதே கிடையாது. துணிக்கடைக்கு, கோயிலுக்கு, துக்கத்துக்கு, அவர் வா என்றால் வந்திருக்கிறாள். சொன்ன பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் நன்றாகவும் இருந்தது. அதனால் இன்னொரு தரம் சொன்னாள்.

"நான் வரலீங்க. கொழந்த இப்பத்தான் கண்ணசந்திருக்குது. எறங்கற வரைக்கும் நான் சீட்டு மாத்தறதில்லீங்க."

"குடுங்கக்கா, நான் வச்சிக்கிடுதேன். நீங்க போங்க," என்று ரோஸ்மேரி கையை நீட்டினாள்.

"நீ தூங்கு கண்ணு," என்று சித்ரகலா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ரோஸ்மேரி இரண்டாம் தரம் கேட்கவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து சரியாகத் தூங்காதவள். சொன்ன மாத்திரத்தில் தலை சாய்த்தாள்.

அங்கமுத்து குழந்தையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பச்சைக் குழந்தை தூக்கத்தைக் கெடுக்கிற பாவம் நமக்கு வேண்டாம், நீ வெசனப்படாத அம்மிணி, நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன் என்று சொல்லிவிட்டுத் தளர்ந்து நடந்தார். வழியிலிருந்த வரிசைகளெல்லாம் அவருக்காக உச்சுக் கொட்டின. சித்ரகலாவைப் பார்த்த பார்வைகளில் அவள் மாமியாரைக் கொடுமை செய்த மருமகள் போல இருந்தாள்.

பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியை நனைத்தது. ஒரு கை மரத்தது, பிறகு மறு கை மரத்தது. முன்சீட்டுக்காரன் முழுக்கச் சாய்ந்து அவள் மூக்குக்கு நேரே தலையைக் கொண்டுவந்து வைத்தான். பாத்ரூம் போக வேண்டும், எழ முடியாது. ரோஸ்மேரி தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். தனியாக இருக்க வந்த இடத்தில் மூன்று பேர் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தாள். கதாநாயகி அறைக்குள்ளேயே கிடந்தாள், அவளைத் திறந்துவிடக் கை இல்லை. ஆனாலும் ஒருத்தரும் அம்மிணி என்று கூப்பிடவில்லை. அதை ஒரு கல்கண்டு போல நாக்கில் உருட்டிக்கொண்டே அவள் அமெரிக்கா வந்து சேர்ந்தாள்.

இறங்கின பிறகுதான் மனசு உறுத்தத் தொடங்கியது. பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் அங்கமுத்து வந்து சேர்ந்தார். கன்னத்தில் போர்வை மடிப்பு கோடாகப் பதிந்திருந்தது. சன்னலில் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தேன் என்றார்.

"தூங்குனீங்களா?"

"பொட்டுத் தூக்கமில்ல அம்மிணி. பூராவும் உன் நெனப்புத்தான். சாப்பிட்டாளோ, என்னமோன்னு."

கூப்பிட்டால்தான் என்ன, கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள் அவருக்கு? இங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். திரும்பிப் போறப்ப நம்ம சேந்தே உக்காந்துக்கலாமுங்க. நானே புள்ளகிட்டச் சொல்லி..."

அங்கமுத்து சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டி வைக்கத் தள்ளுவண்டி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். கண்ணீரை மறைக்கத்தான் போகிறார் என்று சித்ரகலா தலைப்பால் தன் கண்ணைத் துடைத்தாள். தலைப்பு ஈரமாகத்தான் இருந்தது.

அப்போது வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் பெட்டியை இழுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். தன் பெயர் ஹிதாயத்துல்லா, திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வியாபாரம், கடைசி வரிசையில் உங்க ஊட்டுக்காரருக்குப் பக்கத்துச் சீட்டு என்னுடையதுதான் என்றார். சித்ரகலா கைகூப்பினாள். ராத்திரி முழுக்க அவர் புலம்பி உங்களையும் தூங்க விட்டிருக்க மாட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

பெரியவர் தாடியைத் தடவினார். சொல்லலாமா வேண்டாமா என்று அங்கமுத்து போன பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஏறுனதுமே நான் சொன்னேன் தங்கச்சி, 'உங்க சம்சாரத்த இங்க வரச் சொல்லுங்க, அவங்க சீட்டுக்கு நான் போயிக்கறேன்'னு. எந்திரிச்சவனக் கையப் புடிச்சு உக்கார வெச்சு, 'நான் யாருகிட்ட எப்படி அழுதாலும் நீங்க மட்டும் எந்திரிச்சுப்போடாதீங்க பாய், கட்டுன நாள்ல இருந்து இன்னைக்குத்தான் தனியாப் படுத்துத் தூங்கப் போறேன்'னாரு."