நன்றியுரை: ஒலி குன்றாப் பதிப்பு

தம்முடைய நன்றியுரையை உலகம் ஒருமுறையாவது கேட்டே தீர வேண்டும் என்று அதிராம்பட்டினம் மீரா உசேன் ஒரு வியாழக்கிழமை மாலை உறுதி பூண்டார். உலகம் என்று அவர் கருதியது துபாயில் இருந்த சம்பந்தி வீட்டை.

அந்த உரையின் வரலாறு துயரமானது. மகள் ஃபஹ்மிதாவின் நிக்காஹ் முடிந்ததும் மேடையேறியவர், முதற்காரியமாக ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னார். சார்ஜாவில் கேசட் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர் அவர். நாடாவின் இரைச்சலைக் கேட்டே அது எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லிவிடும் செவி. ஒலிபெருக்கி குரலைக் கொலை செய்யும் என்பது அவருடைய கொள்கை. எனவே வீடியோக்காரர் வேம்பு மேடையில் கட்டியிருந்த சிறு மைக்கை மட்டும் நம்பிப் பேசத் தொடங்கினார். ‘பெருமதிப்பிற்குரிய’ என்ற சொல்லை அவர் முடிப்பதற்குள் சகன் வந்துவிட்டது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ணும் அந்த விருந்துச் சோற்றின் மணம் பரவியதும் சபை எழுந்து போயிற்று. மீரா உசேன் நிறுத்தவில்லை. கடைசிவரை இருந்து கேட்டது அந்த மைக் ஒன்றுதான்.

உரைக்கு நடுவில் சகனை எடுக்கச் சொன்னது யார் என்பதில் ஊருக்குள் இரு பாடங்கள் வழங்குகின்றன. கடைத்தெருப் பாடத்தின்படி அது சமையல் பண்டாரி மூஸாவின் அவசரம். பள்ளிவாசல் பாடத்தின்படி, சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவரின் பசி. மீரா உசேன் முன்னதை ஏற்றுக்கொண்டவர். அன்றிலிருந்து மூஸா சலாம் சொன்னால் பதில் சொல்வார், மார்க்கக் கடமையாயிற்றே. ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டார்.

இப்போது விடிவு பிறந்திருந்தது. துபாயிலிருந்து ஃபஹ்மிதா தொலைபேசியில் கேட்டிருந்தாள்: “உம்மா, என் கல்யாண கேசட்ட அனுப்புங்க உம்மா. பிள்ளை பெற ஊருக்கு வரவும் முடியல. அன்னைக்கு நீங்கள்லாம் பாடுனதக் கேக்கணும்போல இருக்கு. இங்க வீடே சத்தமில்லாம கெடக்கு.”

பெண்கள் பகுதிக்குள் காமிரா போவது வழக்கமில்லை. படம் முழுவதும் ஆண்கள் மண்டபம்தான். ஆனால் ஃபஹ்மிதாவின் தாய் ஆமினா அன்று வேம்புவிடம் ஆளனுப்பி, திரைக்கு அப்பாலும் ஒரு மைக்கைக் கட்ட வைத்திருந்தாள். “படம் வேணாம். சத்தம் போதும்.” அதனால் அந்த நாடாவில் மேடைச் சத்தம் இடப்பக்கமும் பெண்கள் சத்தம் வலப்பக்கமுமாகத் தனித்தனியே பதிவாகியிருந்தன.

மகளின் கோரிக்கையில் மீரா உசேனின் நுண்செவியில் விழுந்தது ‘கேசட்’ என்ற சொல் மட்டுமே.

வெள்ளிக்கிழமை மாலை அடுத்த வீட்டு நௌஷாத் துபாய்க்குக் கிளம்புகிறான். ஊரில் ஒருவன் வளைகுடாவுக்குப் புறப்பட்டால் தெருவே அவன் பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். ஏற்கெனவே இறால் ஊறுகாய், வட்டலப்பம், கருவாடு எல்லாம் ஏறிவிட்டன. “கேசட்டுக்கெல்லாம் இடமில்ல மாமா. சிடின்னா சொல்லுங்க, சட்டப் பையிலயே வச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டான். மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கணினி முன் மறுநாள் காலையில் மீரா உசேன் அமர்ந்தார். பக்கத்தில் ஆமினா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கேசட்டுல இருக்கறது மலை. சிடி ஒரு சிமிழ். மலையச் சிமிழுக்குள்ள அடைக்கணும். அதுக்குத்தான் சத்தத்தச் சுருக்குறது” என்றார்.

“சுருக்குனா குரலு கீச்சுனு ஆயிராதா?”

“ஆகாது. பெரிய சத்தம் வர்ற இடத்துல சின்ன சத்தம் நம்ம காதுல விழாதுல்ல? அந்தச் சின்னதத் தேடிப் புடிச்சு எடுத்துரும்.”

“எடுத்தது தெரியாதா?”

“யாருக்கும் தெரியாது.”

“இதுக்கு மிஷினு எதுக்குங்க? நம்ம நிக்காஹ் முடிஞ்ச நாள்லேருந்து வீட்ல அது பாட்டுக்கு நடந்துகிட்டுதான இருக்கு?”

மீரா உசேன் இதைச் சின்ன சத்தமாகக் கருதி விட்டுவிட்டார்.

“இடப்பக்கத்த மட்டும் வைக்கப் போறேன். வலப்பக்கத்த எடுத்துரலாம்.”

கீரை ஆய்ந்த கை நின்றது. “வலப்பக்கந்தான நாங்க பாடுனது?”

“ரெண்டையும் வச்சா தரம் பாதிப் பாதியாப் போயிரும். ஒன்ன வச்சா முழுத் தரம். என் உரையில ஒரு மூச்சுவிட்டாக்கூட துபாய்ல கேக்கும்.”

“அவ கேட்டது பாட்டுங்க.”

“சின்னப் புள்ள. எதக் கேக்கணும்னு தெரியாமக் கேக்குது.”

“மாசமா இருக்கற பொண்ணு வாயத் தொறந்து ஒன்னு கேட்டிருக்கு.”

“அதுக்குத்தான் இறால் ஊறுகாய் போகுதே!”

ஆமினா அதற்குமேல் பேசவில்லை. மீண்டும் கீரையில் கை வைத்தாள். மனைவி பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று படிப்பது மீரா உசேன் மட்டும் செய்த பிழையன்று. கணவர்கள் வழிவழியாகச் செய்துவரும் பாடப்பிழை அது.

கேசட் ஓடி முடிந்து கணினிக்குள் ஏறுவதற்குள் ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுகைக்குப் போகாமல் இருக்க முடியாது. திரும்பி வந்து சுருக்கத் தொடங்கினால் நௌஷாத்தின் கார் திருச்சிப் பாதையில் போய்க்கொண்டிருக்கும். அவர் எழுவதும் உட்காருவதுமாகத் தவித்தார்.

“நீங்க தொழுதுட்டு வாங்க. கேசட்டு முடிஞ்சதும் நான் அந்தப் பொத்தான அமுக்கி விடுறேன்” என்றாள் ஆமினா.

“நீயா?”

“மிக்ஸியத் தட்டி விடுறேன், கிரைண்டரத் தட்டி விடுறேன். இதுவும் அரைக்கிற சாமான்தான?”

“ஆமினா, இது ரொம்ப நுட்பமான சமாசாரம்.”

“அதனாலதான் கேக்குறேன். தப்பித்தவறி என் கை எங்க படக்கூடாதுன்னு சரியாக் காட்டிட்டுப் போங்க.”

அந்தப் பொறுப்புணர்வு மீரா உசேனை நெகிழச் செய்தது. சார்ஜாவில் கடைப் பையன்களுக்குக்கூட அவர் இவ்வளவு விளக்கியதில்லை. திரையில் விரலை வைத்தார். “இந்தா பாரு, இது இடது, இது வலது. புள்ளி இப்ப இடதுல நிக்குது. மவுஸ இங்க கொண்டுபோய் வலதுல ஒரு தட்டுத் தட்டுனா, அவ்வளவுதான், என் குரலு பூராப் போயிரும். உங்க கூச்சல் மட்டும் நிக்கும். அந்தப் பக்கமே போயிராத.”

“வலதுல தட்டுனா உங்க குரலு போயிரும்.”

“ஆமா.”

“ஒரே தட்டா?”

“ஒரே தட்டு. எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம்?”

ஆமினா பிசகாமல் திருப்பிச் சொன்னாள். இவளைப் போல ஒரு மாணவி தமக்கு வாய்த்ததில்லை என்ற நிறைவோடு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்தபோது வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. அஸர் தொழுகை முடிந்து வந்து சிடியில் ஏற்றினார். நௌஷாத் வாசலில் நின்று ஹாரன் அடித்தான். மீரா உசேன் அவசரப்படாத மனிதர். போட்டுக் கேட்காமல் ஒன்றை அனுப்புவாரா? தொடக்கத்தைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சபையைத் தொடங்கிவைத்த கிராஅத் என்னும் குர்ஆன் ஓதல் கணீரென்று ஒலித்தது. அது ஒலிபெருக்கியில் ஓதப்பட்டது என்பதும், எனவே திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கணீர்தான் என்பதும் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

“ஒரு துளி குறையல, பாத்தியா!” என்றார்.

“உங்க கைராசிங்க” என்றாள் ஆமினா.

ஞாயிற்றுக்கிழமை ஃபஹ்மிதாவின் அழைப்பு வந்தது. மீரா உசேன் பாய்ந்து எடுத்தார்.

“வாப்பா, சிடி வந்துருச்சு. மாமி, மாமா, அவங்க எல்லாரும் உக்காந்து பாத்தோம்.”

“என் உரையா? எல்லாருமா? யாரும் எந்திரிச்சுப் போகலையே?”

“ஒருத்தரும் அசையல வாப்பா. மாமிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறையேறிருச்சு.”

உரையில் நகைச்சுவை எதுவும் வைத்ததாக அவருக்கு நினைவில்லை. “தெளிவாக் கேட்டுச்சா?”

“அவ்வளவு தெளிவு. நீங்க மேடையில ஏறி, தொண்டையக் கனைச்சு, வாயத் தொறக்குறீங்க. உடனே உம்மா குரலு வருது.”

“உம்மா குரலா?”

“‘ஆரம்பிச்சுட்டாங்கம்மா! இனிமே லுஹர் தொழுகைக்குத்தான் முடிப்பாங்க. சோறு ஆறிப் போகும், மூஸா காக்காவ சகன எடுக்கச் சொல்லுங்க’ன்னு. உங்க வாயசைவுக்கு அச்சா ஒத்துவருது வாப்பா!”

இவ்வாறாக மூன்றாவது பாடம் கிடைத்தது. மூலச்சான்றோடு, முழுத் தரத்தில், வெளிநாட்டில்.

மீரா உசேன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஆமினா மும்முரமாகச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் இல்லை.

“அப்பறம் நீங்க கைய ஆட்டி ஆட்டிப் பேசுறீங்க, ஜன்னத் பீவி மாமி பாட்டெடுக்குறாங்க, உம்மா கொலவ போடுறாங்க... நேத்துலேருந்து திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்குறேன் வாப்பா.”

“அது மிஷின் தப்பும்மா. நீ அதத் தூக்கிப் போடு. நான் இடப்பக்கத்த வச்சு, சுத்தமா, வேற ஒன்னு அனுப்புறேன்.”

“ஐயோ, வேணாம் வாப்பா! இதுதான் சரியா இருக்கு. வாயி உங்களுது, குரலு உம்மாவுது. நம்ம வீட்லயே இருக்கற மாதிரி இருக்கு.”