எவ்வித உறவும் இல்லை

'நீங்களும் ஜெமிமாவும் உடன்பிறந்தவர்களா? விளக்கம் தரவும்.'

விசா அலுவலகத்தின் மின்னஞ்சலைப் படித்துவிட்டு டார்லின் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். கனடாவில் நர்ஸாக இருக்கும் ஜெமிமாவோடு போய்ச் சேர அவளுக்கு வாழ்க்கைத்துணை விசா வேண்டும். அந்த நாட்டுச் சட்டத்தில் பெண்ணுக்குப் பெண் துணையாகலாம். தம்பதியாக வாழ்ந்ததற்குத் தெரிந்தவர்கள் சாட்சி சொன்னால் போதுமாம். பாளையங்கோட்டையில் ஒன்பது வருஷம் ஒரே மாடி வீட்டில் குடித்தனம் நடத்தி, ஈ காக்கைக்குக்கூடத் தெரியாமல் மறைத்த சாமர்த்தியசாலிகளிடம் கேட்கிற கேள்வியா இது?

முதல் சாட்சி குருவானவர் பாக்கியசீலன். 'சகோதரி டார்லினும் சகோதரி ஜெமிமாவும் ஒரே வீட்டில் அன்பாக வாழ்ந்தார்கள்' என்று கடிதம் கொடுத்திருந்தார். சபையில் அவருக்கு எண்பது வயதுக் கிழவியும் சகோதரிதான். அது கனடாக்காரனுக்கு எப்படித் தெரியும்?

"ஐயா, அந்த சகோதரியை மட்டும் எடுத்துட்டு எழுதித் தாங்களேன்."

"எடுத்தா மரியாதையா இருக்காதும்மா. வேணும்னா அன்புச் சகோதரின்னு போட்டுத் தாரேன்."

டார்லின் கும்பிடு போட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலர் ஹெப்ரானிடம் ஓடினாள்.

"நாங்க அக்கா தங்கச்சி இல்லன்னு ஒரு சான்று வேணும் சார்."

"எல்லாரும் சொந்தம்னு சான்று கேப்பாவ. நீ இல்லன்னு கேக்கியே. சொத்துத் தகராறா?"

"ஆமா சார்." பொய் சொல்லிப் பழகிய வாய்.

சொத்துத் தகராறு என்றதும் மனிதருக்கு வீரம் வந்துவிட்டது. 'மேற்படி இருவருக்கும் இடையே எக்காலத்திலும் எவ்வித உறவும் இருந்ததில்லை' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். சந்தோஷத்தில் டார்லின் அன்றைக்கே மொழிபெயர்ப்போடு அனுப்பியும் வைத்தாள்.

அடுத்த வாரம் பதில் வந்தது. 'உறவே இல்லை என அரசு அதிகாரியே சான்றளித்துள்ளார். பத்து நாளில் தக்க சாட்சி வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

"ஒனக்கு அறிவிருக்கா?" என்று போனில் ஜெமிமா கத்தினாள். அப்புறம் அழுதாள். "கீழ்வீட்டு டீச்சர்ட்ட உண்மையைச் சொல்லிரு."

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாவ."

"சொல்லட்டும். எனக்கு நீ இங்கன வந்தாப் போதும்."

வீட்டுக்கார தேவமணி டீச்சர் ஓய்வு பெற்றவர். அக்கா ஞானப்பூவோடு கீழே இருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்கு இருவரும் ஒரே குடையில்தான் போவார்கள். ஒழுக்கத்துக்கு ஊரே அந்தச் சகோதரிகளைத்தான் கைகாட்டும். டீச்சர் முன்னால் நின்று டார்லின் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். 'டார்லினும் ஜெமிமாவும் தம்பதியாக என் மாடியில் ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினார்கள். எனக்கு நன்றாகத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டார்லின் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "தெரியுமா டீச்சர்? தெரிஞ்சுமா எங்களை வச்சிருந்திய? கூடப்பிறந்த அக்காவோட கௌரவமா இருக்கவங்களுக்கு இதெல்லாம் அருவருப்பா இல்லையா?"

அடுக்களையிலிருந்து ஞானப்பூ எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, அந்த விசா பாரத்துல எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா, முப்பத்தஞ்சு வருசமா அக்கா தங்கச்சின்னு சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அலுத்துப்போச்சு."