கழுகுக் கண்ணும் புது டிவியும்

எங்கள் ஸ்டூடியோவில் எனக்குப் பெயர் கழுகு. முதலாளியே வைத்த பெயர். விசேஷ வீடியோக்களைச் சுருக்கி, வாடிக்கையாளரின் போனுக்குள் அடங்குகிற அளவுக்கு ஆக்கித் தருவது என் வேலை. மற்றவர்கள் சுருக்கினால் இருட்டில் கட்டம் கட்டமாகத் தெரியும், வானத்தில் வரி விழும், புல்தரை பச்சைக் கூழாகிவிடும். என் கையில் அந்தக் கதையே கிடையாது. மூன்று மணி நேர வீடியோவைக் கால்வாசி எடைக்குக் கொண்டுவருவேன், ஒரு தலைமுடி கலையாது. "கழுகு பார்த்தாச்சா? அப்போ அனுப்பு" என்பதுதான் எங்கள் கடையின் கடைசி முத்திரை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமெல்லாம் இல்லை.

அப்படிப்பட்டவனுக்கு வீட்டில் ஒரு அவமானம். மகளின் பள்ளி ஓட்டப் பந்தயத்தை நானே படம் பிடித்து நானே சுருக்கினேன். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் புல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதையே ஹால் டிவியில் போட்டால் மைதானமும் கூழ், மகளும் கூழ். லேப்டாப்பை மடியில் வைத்துப் பார்த்தேன், பளிச். மறுபடி டிவி, மறுபடி கூழ். ஃபைல் ஒன்றுதான். ஆக, கோளாறு எங்கே என்று எனக்கு நொடியில் பிடிபட்டுவிட்டது. பழைய டிவியைத் தலைமுழுகிவிட்டு, சுவர் நிறைய ஒரு டிவி வாங்குவது என்று அன்றே தீர்மானம் போட்டேன்.

அந்தச் சுவரில்தான் வில்லங்கம். சுவர் முழுக்க என் மனைவியின் புத்தக அலமாரி. டிவியே அதன் நடுத் தட்டில்தான் குடியிருக்கிறது. அவள் ஆசை ஆசையாகச் செய்யச் சொன்ன அலமாரி. புது டிவி வந்தால் அலமாரி வெளியே. நான் அந்தப் பக்கம் போவதே இல்லை, போனால் தூசி தட்டச் சொல்வாள். பென்டிரைவைச் செருகக்கூட மகளைத்தான் அனுப்புவேன்.

சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடத்தினேன். சுருக்கின வீடியோவில் பாதி விஷயம்தான் இருக்கும், மீதியைத் திரை ஊகித்து நிரப்பணும், நம் டிவிக்கு அந்த மூளை கிடையாது என்றெல்லாம் விளக்கினேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நாள் முழுக்கப் பிறர் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள்.

"எங்களுக்கு நல்லாத்தானே தெரியுது?" என்றாள்.

"உங்க கண்ணுக்கு அவ்வளவுதான். என் கண்ணு வேற."

"அது சரி," என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் டிவிக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. மகளின் பள்ளி அட்டவணையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் விடாமல் நச்சரித்தேன். மாமியார் வந்தபோது அவரையும் சோபாவில் உட்காரவைத்து விளக்கினேன். டிவிப் பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளையின் அறிவில் அவருக்கு அத்தனை பெருமை என்று பூரித்துப் போனேன்.

கடைசியில், ஒரு ஞாயிறு மதியம், மனைவி இறங்கி வந்தாள். ஓட்டப் பந்தய வீடியோவை இரண்டு தடவை போடுவாளாம். சுருக்காதது எது, சுருக்கினது எது என்று சோபாவில் இருந்தே சொல்லணும். சரியாகச் சொன்னால் அவளே அலமாரியைக் காலி செய்வாள். தப்பாகச் சொன்னால் அவள் சொல்கிற ஒரு காரியத்தை மறுபேச்சு இல்லாமல் செய்யணும். கழுகிடம் இப்படி ஒரு பந்தயமா என்று எனக்கே அவள்மேல் பாவமாக இருந்தது.

முதலில் ஒன்று ஓடியது. பிறகு இன்னொன்று. மறுபடி முதலாவது, மறுபடி இரண்டாவது. "இதுவா, அதுவா?" என்று கண்ணாடிக் கடைக் குரலில் மெதுவாகக் கேட்டாள். இரண்டுமே கூழ்தான். ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"முதல்ல போட்டது சுருக்காதது," என்று அடித்துச் சொன்னேன். "ரெண்டாவது சுருக்கினது. புல்லைப் பாரு, எத்தனை கட்டம்."

"ரெண்டும் ஒரே ஃபைல்ங்க."

மகள் தலையணையில் முகம் புதைத்துக்கொண்டாள்.

"கடையில இப்படித்தான் பண்ணுவோம்," என்றாள் மனைவி. "ஒரே லென்ஸை எடுத்துட்டு அதையே திரும்பப் போட்டு, இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கானு கேப்போம். தெரியுற மாதிரி நடிக்கிறவங்க மாட்டிக்குவாங்க."

நான் விடவில்லை. ரெண்டுமே மோசமாகத் தெரிகிறது என்றால் அது டிவியின் லட்சணம்தானே என்று வாதாடினேன். அவள் கைப்பையிலிருந்து, கண் சோதிக்கும்போது மாட்டிவிடுகிற அந்த வட்ட ஃபிரேமை எடுத்தாள். "நான் சொல்ற ஒரே காரியம் இதுதான். மூக்கைக் காட்டுங்க." இரண்டு லென்ஸைச் சொருகினாள்.

மைதானம் மைதானமாகிவிட்டது. புல் ஒவ்வொன்றாக நின்றது. மகளின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது கூடத் தெரிந்தது. பக்கத்தில் இருக்கிறதெல்லாம் பளிச்சென்று தெரிந்ததால், தூரத்தில் இருக்கிறதைக் குறை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அப்போதுதான் டிவிக்குக் கீழே இருந்த தாளும் கண்ணில் பட்டது. அட்டவணை இல்லை. மனைவியின் கையெழுத்து, மூன்று வாரத்துக்கு முந்தின தேதி. "சோபாவில் உட்கார்ந்தபடியே இதைப் படித்துவிட்டால் புது டிவி வாங்கிக்கொள்ளலாம்." மாமியார் எதற்குச் சிரித்தார் என்பதும் விளங்கியது.

ஆனாலும் கழுகு கழுகுதான். சட்டென்று சுதாரித்தேன். "படிச்சிட்டேன். உட்கார்ந்தபடியேதான் படிச்சேன். டிவி எனக்கு."

"தாராளமா வாங்கிக்கங்க. எழுதினது நான்தானே," என்றாள் நிதானமாக. "ஆனா இதைச் சொல்லுங்க. நம்ம டிவி இப்போ எப்படித் தெரியுது?"

தொழில் விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை. சற்று முன்னால் சொன்னதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். "பளிச்சுனு இருக்கு," என்றேன்.

"அப்போ அலமாரியில இருக்கிற தூசியும் பளிச்சுனு தெரியணுமே," என்று துணியை நீட்டினாள்.