பாட்டில் மூடிக்குக் கிடைத்த பதவி

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்தும் தண்ணீர்க் குழாய் வராத ஒரு காட்டில், வேலம்மை என்றொரு முள்ளம்பன்றி கிட்டார் வாசித்து வந்தது. தந்தியை மீட்ட வேண்டுமானால் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொள்ளும்.

சிங்கராஜா மகளுக்குக் காதுகுத்து வந்தது. "அன்னைக்கு நல்லா வாசிச்சா நீதான் அரண்மனை வித்வான். இல்லேன்னா கிட்டாரைக் கட்டி மூலையில வச்சிரு" என்றார் ராஜா. வேலம்மை பயப்படவில்லை. தன் ஆம்ப்ளிஃபயரில் பேஸ், மிடில், ட்ரெபிள் என்ற மூன்று குமிழ்களையும் எங்கே நிறுத்தினால் நாதம் குழையும் என்று இரண்டு மழைக்காலம் மெனக்கெட்டுக் கண்டுபிடித்து, அந்த இடங்களில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தது.

விழா அன்று முதல் பாட்டு பாதிகூடப் போகவில்லை, யானை மேடையேறிவிட்டது. சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்க முடியாதவர்கள் மைக்செட்டில் கண்டுபிடிப்பது எல்லாக் காட்டிலும் உள்ள வழக்கம்தான்.

"பேஸே இல்லையே தாயி. வயித்துல வந்து இடிக்க வேணாமா?" என்று தும்பிக்கையால் ஒரு திருகு திருகியது. பந்தல்கால் ஆடியது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த வவ்வால், "எனக்கு ஒண்ணுமே கேக்கலை" என்று வந்து ட்ரெபிளை முழுசாக ஏற்றியது. ஊசி வருவதற்கு முன்பே சிங்கக்குட்டி காதைப் பொத்திக்கொண்டு அலறியது. ராஜா முறைத்தார்.

வேலம்மைக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதுக்கா கலங்குற அக்கா?" என்றது மைக்செட் குரங்கு மாரிச்சாமி. கீழே கிடந்த தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றை எடுத்தது. வேலம்மையின் முதுகிலேயே ஒரு முள்ளைப் பிடுங்கி, மூடியை ஆம்ப்ளிஃபயரின் பக்கப் பலகையில் குத்தி, மேலே 'ஸ்பெஷல்' என்று எழுதியது. அதற்கு உள்ளே ஒரு வயர்கூடப் போகவில்லை. வேலம்மை மற்ற மூன்று குமிழ்களையும் பொட்டுக்குத் திருப்பி வைத்தது.

யானை மூடியைத் திருகியது. "ஆங்! இப்பத்தான் இடிக்குது."

வவ்வால் எதிர்ப்பக்கம் திருகியது. "தேனு! தேனு!"

பிறகு மான் வந்தது, கரடி வந்தது, சங்கீதமே பிடிக்காத ஓணானும் வந்தது. வரிசை ஆற்றங்கரை வரை நீண்டதால் மாரிச்சாமி டோக்கன் கொடுக்க ஆரம்பித்தது. தள்ளுமுள்ளில் யாரோ மிதித்துக் கிட்டார் வயர் பிடுங்கிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. வேலம்மை வாசிப்பதையே நிறுத்திப் பார்த்தது. அதையும் கவனிக்கவில்லை. "என்னமா இழைக்கிறா பாரு" என்று கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கடைசியில் ராஜாவே வந்து திருகினார். கண்ணை மூடி வெகுநேரம் தலையாட்டினார். "இத்தனை பேருக்கும் பிடிக்கிற மாதிரி இந்தக் காட்டுல இதுவரைக்கும் யாரும் வாசிச்சதில்ல" என்று மூடிக்குச் சால்வை போர்த்தி, அரண்மனை வித்வான் பதவியையும் அதற்கே கொடுத்தார்.

வேலம்மையையும் அவர் மறந்துவிடவில்லை. தினமும் மூடிக்குத் தூசி தட்டும் வேலையைக் கொடுத்தார்.

"ராஜா, அதுல குத்தியிருக்குற முள்ளே என்னுதுங்க" என்றது வேலம்மை.

"தெரியும். அதனாலதான் உனக்கு முன்னுரிமை" என்றார் ராஜா.

நீதி: ஊர் வாயை மூட உலைமூடி தேவையில்லை, பாட்டில் மூடியே போதும். ஆனால் அதைக் குத்தி வைக்கும் முன், உங்கள் வேலைக்கு அது போட்டியிடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளவும்.