கறுப்படித்த ஆறு கண்ணாடிகள்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்கு, தங்களிடம் பிஎச்.டி. படிக்கும் பாரதியின் தகப்பன், தோல் கம்பெனி ஃபினிஷிங் செக்‌ஷன் கோவிந்தசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். இதை வாசித்து முடிக்கிற வரைக்குமாவது தாங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கூட வரும் டப்பாவைத் தயவுசெய்து கடைசியில் திறக்கவும்.

மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களிடம், "கரண்ட் குடுத்தா வெளிச்சம் விடுற பிளாஸ்டிக்" என்பேன். "பல்பா?" என்பார்கள். "ஆமா" என்று விடுவேன். நான் ஒன்பதாவது, அதுவும் ரெண்டு தடவை. வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவள் ஒரு டப்பாவைத் திறந்து அவங்க அம்மாவிடம் காட்டினாள். உள்ளே நகத்தளவு ஆறு கண்ணாடி, மேலே மஞ்சளாக ஒரு பூச்சு. "ஆறு மாசம் இதுலயே போச்சும்மா, திங்கக்கிழமை சார் கையில குடுக்கணும்" என்றாள். ஐயா, முப்பத்தோரு வருஷம் ஃபினிஷிங் பார்த்த கண்ணு சும்மா இருக்குமா? ஓரத்தில் தடிப்பு, நடுவில் திட்டுத்திட்டு, ஷைனிங் சுத்தமா இல்லை. எங்கள் பக்கம் இப்படி ஒரு தோல் போனால் இன்ஸ்பெக்டர் முகத்திலேயே வீசுவார். ஆறு மாச உழைப்பை இந்தக் கோலத்தில் நீட்டினால் பிள்ளையின் பட்டம் என்னாவது என்று பெத்த மனசு கேட்கவில்லை. தோலுக்குப் பளபளப்பு ஏத்துற எங்கள் லாக்கர் டின்னிலும் பாலிமர் என்றுதான் போட்டிருக்கு. அவளும் பாலிமர், நானும் பாலிமர், ஒண்ணுக்கொண்ணு சொந்தம்தானே என்று நினைத்து, நேற்று சாப்பாட்டு கேரியரோடு டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய்ட்டேன்.

நிறமில்லாத லாக்கர், ஒரே ஒரு கோட், யாருக்கும் தெரியாது என்பது என் நினைப்பு. ஸ்ப்ரே கன்னைக் கழுவினார்களா என்று பார்க்காதது என் புத்தி. அதில் முன்னாடி அடித்த தோல் லாட் கறுப்பு. முதல் கண்ணாடி ஷூ மாதிரி ஆயிடுச்சு. பக்கத்து மெஷின் நயீம் அகமது பாய் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா கோவிந்து, கண்ணாடில செருப்பு தைக்கப் போறியா?" என்றார்.

"பேஜார் பண்ணாத பாய், பொண்ணோட படிப்பு இது."

"அப்ப ஒண்ணு கறுப்பு, அஞ்சு மஞ்சளா? லாட்டே ரிஜெக்ட் ஆயிடும்ப்பா."

அவர் சொன்னது நியாயம்தானே ஐயா? எங்களுக்கு ஒரு லாட் என்றால் ஒரே ஷேடு. ஒண்ணு மாறினாலும் மொத்தமும் திரும்பி வந்துடும். அதனால் மீதி அஞ்சையும் கறுப்படித்து, சூட்டில் காயவைத்து, ரெண்டாவது கோட்டும் குடுத்தேன். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி வந்தது. டப்பாவை மூடும்போதுதான் உறைத்தது, வெளிச்சம் வரவேண்டிய சாமானுக்கு இருட்டைப் பூசிட்டேன் என்று.

அவள் இன்னும் டப்பாவைத் திறக்கவில்லை. ரெண்டு தடவை சொல்ல வாயெடுத்து ரெண்டு தடவையும் காபி கேட்டேன். ஐயா, மன்னிக்கணும், திட்டுவது என்றால் என்னைத் திட்டுங்கள். அவள் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு ஆறு மாசம் குடுத்தால் திரும்பச் செய்துவிடுவாள். நான் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன்.

தங்களுக்கு ஆண்டவன் ஆயுளை ஜாஸ்தியாகவும் கோபத்தைக் கம்மியாகவும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
கோவிந்தசாமி

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் பாரதி இதை முழுக்கப் படித்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் புரையேறி அவங்க அம்மா ஓடிவந்து தலையில் தட்டும்படி ஆயிடுச்சு. "அப்பா, இது ஆறும் கெட்டுப்போன பீஸு. ஆறு மாசம் வீணாப் போச்சுன்னுதான் அம்மாகிட்ட சொன்னேன். நல்லதெல்லாம் லேப்ல பத்திரமா இருக்கு" என்றாள். அப்புறம்தான் சிரிப்பு நின்றது. கண்ணாடிதான் ஒசத்தியாம், கரண்ட் பாயிற ஜாதியாம், மேலே இருப்பதைக் கழுவிட்டு வெறும் கண்ணாடியைத்தான் தங்களிடம் திருப்பித் தரணுமாம். அரை மணி நேரமா நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணியை ஊத்தித் தேய்க்கிறாள், ஓரம்கூட அசையவில்லை. அவள் பூசினது பத்து நாளில் தானே உரிய ஆரம்பிச்சுதாம், ஐயா. ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பு பூச்சுக்கு வேண்டாம், கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளவும். நாளைக்கு லாக்கரைக் கரைக்கிற தின்னர் டின்னோடு நானே அவளுடன் வர்றேன். லேபுக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கணும் என்பது அவள் உத்தரவு.