மாநாட்டில் பிடித்த சிநேகிதர்கள்

மணிலாவில் நடக்கும் இசைத்தொழில் மாநாட்டிலிருந்து நாற்பது பெரிய மனிதர்களின் அறிமுக அட்டைகள் இல்லாமல் திரும்புவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் எங்கள் ஊரான இலோயிலோவில் விமானம் ஏறினேன். சபதத்துக்குக் காரணம் என் மனைவி பெர்லிட்டா.

"பத்து வருஷமா பாட்டு எழுதற. கேக்கறது நானும் பக்கத்து வீட்டுப் பன்னியும்தான்," என்றாள். "இந்த வாட்டியும் ஒருத்தரும் சீண்டலேன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து எங்க டாடோ அண்ணனோட ஐஸ் ஆலையில கட்டி தூக்கணும். சம்மதமா?"

"சம்மதம். ஆனா சீண்டுவாங்க, பாரு."

மாநாட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பத்திரிகையில் வந்த கட்டுரையை மனப்பாடம் செய்திருந்தேன். நன்றாக உடுத்து. காபி மேஜையருகே நில். நீயே முதலில் பேசு. கல்யாணத்துக்குத் தைத்த பாரோங் சட்டையை, அதுவும் அன்னாசி நாரில் நெய்தது, போட்டுக்கொண்டு காபி மேஜையருகே நின்றேன். மாநாடு நடந்த ஹோட்டலில் பரிமாறுகிறவர்களுக்கும் பாரோங்தான் சீருடை என்று கட்டுரையில் போடவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சிங்கப்பூர்க்காரர் "சர்க்கரை கம்மி" என்றார். ஒரு கொரியப் பெண் பால் கேட்டாள். ஊற்றினேன். வேறு என்ன செய்வது? மூன்று நாளில் இருநூறு பேராவது என்னிடம் பேசியிருப்பார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேர் அமரும் வட்ட மேஜையில் நான் ஒருவனே உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்று ஆசையோடு சொல்வேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை. அழுகை வந்தது. பெர்லிட்டாவை போனில் கூப்பிட்டு, "பேச நேரமில்ல, சுத்தி ஆளுங்க நிக்கறாங்க," என்றேன்.

கடைசி நாள் சாயங்காலம், ஒரு ஸ்பீக்கர் கம்பெனியின் மேஜையில் குலுக்கல் முடிந்து, பரிசான அரிசி குக்கர் யாருக்கோ போயிருந்தது. குலுக்கலுக்காக எல்லோரும் போட்ட அட்டைகள் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடந்தன. எப்படியும் குப்பைக்குப் போகிறவைதான். இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் பெர்லிட்டா அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். அசந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன்.

"இந்த ஜகார்த்தாக்காரர் என்ன சொன்னாரு?"

"என் பாட்டைக் கேட்டு அப்படியே உக்காந்துட்டாரு."

"இந்த பாங்காக் அம்மா?"

"அழுதுட்டாங்க."

"இவரு?"

"அவரும் அழுதாரு."

"இவரு ஸ்பீக்கர் ரிப்பேர் பண்றவர்னு போட்டிருக்கே."

"விம்மி விம்மி அழுதாரு."

முப்பத்தைந்தாவது அட்டையோடு என்னிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது. அவள் தனியாக எடுத்து வைத்திருந்த கடைசி அட்டையை, அதன் முதுகு என் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டாள்.

"இவரு உன்னை மாதிரியே பாட்டு எழுதறவராம். எப்படிப்பட்ட ஆளு?"

களைப்பில் உண்மை வாய்க்கு வந்துவிட்டது. "அவரா? பாவம். மூணு நாளும் காபி மேஜைகிட்டயே நின்னாரு. யாரும் மதிக்கல. தனியாவே சாப்பிட்டாரு."

"நீயாவது போய்ப் பேசியிருக்கலாமே."

"எனக்கு எங்க நேரம்?"

அட்டையைத் திருப்பினாள். எலிசேயோ கும்பான், இலோயிலோ. என் பெயர்தான். குலுக்கல் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் கை சும்மா இருக்காது. முதல் நாளே அரிசி குக்கரைப் பார்த்ததும் என் அட்டை ஒன்றைக் கிண்ணத்தில் போட்டிருந்தேன்.

பெர்லிட்டா சிரிக்கவில்லை. தட்டில் சோறு போட்டு, மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்து, என் முன்னால் நகர்த்தினாள். தானும் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"இனிமே அவரு தனியா சாப்பிட வேணாம்," என்றாள். "ஐஸ் ஆலையில பதினெட்டுப் பேரு ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்களாம். திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு வரச் சொல்லு."