சேம் கலர் பூனை

முக்கியமான நாட்களில் எனக்கு மூளை வேலை செய்யாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருவர் இங்கிலாந்துக்காரர், ஒருவர் நாடக நடிகை, மூன்றாவது என் அப்பா.

செல்போனில் கேமரா வந்த புதிது. நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். (அதாவது, "வெள்ளிக்கிழமை கட்டாயம் அனுப்பிவிடுவோம்" என்று வெளிநாட்டுக்காரர்களிடம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குபவள்.) படித்தது பி.காம். எனக்கும் உயிரியலுக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு முறிந்துவிட்டது. தவளைக்கு எத்தனை இதய அறைகள் என்று கேட்டால் "ஆர்டரைப் பொறுத்து" என்று சொல்லக்கூடிய நிலைமை.

இப்படிப்பட்டவளுக்கு டாக்டராகும் ஆசை வந்ததற்குக் காரணம் சுவரில் ஒட்டியிருந்த ஒரு போட்டோ. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் அவ்வப்போது சோதனைக்கு ஆள் அனுப்பும். ஒவ்வொரு தளத்திலும் முதலுதவி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், அவர் போட்டோ சுவரில் இருக்க வேண்டும் என்பது விதி. போட்டோவில் நம்பிக்கையாகத் தெரிகிறேன் என்ற ஒரே தகுதியில் மேனேஜர் என்னைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ஒரு சிவப்புப் பெட்டியின் சாவியையும் கையில் கொடுத்தார்கள்.

ஆறு மாதம் அந்தப் பெட்டியில் தலைவலித் தைலத்தைத் தவிர எதையும் நான் தொடவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் தளத்தில் தைக்கும் செல்வி அக்காவின் விரலில் தையல் மிஷின் ஊசி இறங்கி உள்ளேயே உடைந்துவிட்டது. அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். "எடுத்துரு தாயி, எடுத்துரு" என்று கத்துகிறார். எடுக்கக்கூடாது என்று பயிற்சியில் சொன்னது எப்படியோ ஞாபகம் வந்தது. அசையாமல் கட்டுப் போட்டு, ஆஸ்பத்திரி போகும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகள், மாமியார், ஊர்த் தேரோட்டம் என்று எதையெதையோ கேட்டுக்கொண்டே போனேன். டாக்டர் ஊசியை எடுக்கும்போது வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. மயக்கமும் வரவில்லை. அன்று மாலை கம்பெனிக்குத் திரும்பி, பனியனின் கழுத்துப் பட்டை லூசாக இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வந்த மெயிலைத் திறந்தால் ஒரு எழுத்தும் உள்ளே போகவில்லை.

"நீ பேசிக்கிட்டே வந்தியா, வலியே தெரியல பாத்துக்க," என்றார் செல்வி அக்கா மறுநாள். அந்த ஒரு வாக்கியம் என்னை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

இங்கே பி.காம் படித்தவளுக்கு அந்தக் கதவு கிடையாது. ஆனால் தரம் பார்க்க வரும் ஒரு இங்கிலாந்து அம்மாள், தன் அக்கா மகள் சரித்திரம் படித்துவிட்டு இப்போது மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். பட்டதாரிகளுக்கென்றே அங்கே நான்கு வருடப் படிப்பு உண்டாம். சில கல்லூரிகளில் எந்தப் பட்டமாக இருந்தாலும் சரியாம். கையிலிருந்த டி-ஷர்ட்டை மடிக்காமல் மேஜையில் போட்டேன்.

அடுத்த ஒன்றரை வருடம் பிளஸ் டூ பிள்ளைகளின் உயிரியல், வேதியியல் புத்தகங்களோடு டவுன் பஸ்ஸில் போய் வந்தேன். அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. "பி.காம் படிச்சுப்போட்டு டாக்டராயி என்ன பண்ணுவ? ஊசி போட்டதுக்கு பில்லு போடுவியா?" என்பார். அப்பா மட்டும், "படிக்கட்டுமே," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்பாவுக்கு வேலம்பாளையத்தில் பன்னிரண்டு மிஷின் போட்ட சிறிய தையல் யூனிட். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது சைஸ்களும் கலர்களும்தான்.

இங்கிலாந்துக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வில் தப்பித்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்தது. அந்தக் கல்லூரிக்காரர்கள் கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் முகாம் போட்டு, இந்தப் பக்கத்து ஆட்களைப் பார்க்கிறார்களாம்.

அன்று காலை அப்பாவே ஆம்னி வேனில் அழைத்துப் போனார். ஓட்டலுக்குச் சற்று முன்னால் வண்டி ஒரு முறை 'தடக்' என்று தூக்கிப் போட்டது.

"என்னங்கப்பா அது?"

"ஸ்பீடு பிரேக்கராட்ட இருக்குது கண்ணு. நேரமாச்சு, நீ படி."

படித்தேன். சிறுநீரகம் பற்றி.

வரிசையாக ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம். மணி அடித்தால் அடுத்த அறை. கதவுக்கு வெளியே ஒரு அட்டை தொங்கும், அதைப் படித்துவிட்டு உள்ளே போக வேண்டும். முதல் மூன்று அறைகள் மோசமில்லை. நான்காவது அறையின் அட்டையில் இப்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: "இன்று காலை காரில் வரும்போது நீங்கள் ஒரு பூனை மீது வண்டியை ஏற்றிவிட்டீர்கள். அது பக்கத்து வீட்டுக்காரரான திருமதி தாமஸின் பூனை. அவர் உள்ளே இருக்கிறார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. சொல்லுங்கள்."

அட்டையை இன்னொரு முறை படித்தேன்.

நடிகர்களை வைத்து, கஷ்டமான செய்தியை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று சோதிப்பார்கள் என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த 'தடக்'தான். யாரோ பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வீடு என்றால் ஓட்டலுக்குப் பக்கத்து வீடு. போட்டோ எடுத்திருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் விசாரித்து, டைப் அடித்து, அட்டையும் தொங்கவிட்டுவிட்டார்களே! (பயத்துக்கு நடுவிலும், நம் கம்பெனியில் ஒரு லேபிள் அடிக்கப் பத்து நாள் ஆகிறதே என்று பொறாமையாக இருந்தது.)

உள்ளே போனேன். மூலையில் வழுக்கைத் தலையோடு ஒரு இங்கிலாந்துக்காரர் பேனாவும் அட்டையுமாக இருந்தார். நாற்காலியில் நாற்பது வயதுள்ள ஒரு அம்மா, காட்டன் சேலையில். நம் ஊர் முகம். அவர் சிரித்து ஆங்கிலத்தில், "வா, என்ன இந்தப் பக்கம்?" என்றார்.

நான் சொன்ன முதல் வாக்கியம் இது. நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

"மேடம், நான் ஓட்டவில்லை. எங்கப்பாதான் ஓட்டினார். எனக்கு லைசென்ஸே கிடையாது."

"என்ன ஆச்சு?"

"உங்கள் பூனை செத்துவிட்டது."

அந்த அம்மாவின் முகம் அப்படியே உடைந்தது. நிஜக் கண்ணீர், பொலபொலவென்று. நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு. ஆனால் எனக்கு அது நடிப்பென்று தெரியாதே. பதறிப்போனேன். பதறினால் எனக்குள்ளிருந்து மெர்ச்சண்டைசர் வெளியே வந்துவிடுவாள். வந்துவிட்டாள்.

"மேடம், அழாதீங்க. ரீபிளேஸ்மென்ட் கொடுத்துவிடுகிறோம். சேம் கலர். கலர் மட்டும் சொல்லுங்கள்."

அழுகை ஒரு விநாடி நின்றது. அந்த அம்மாவின் உதடு துடித்தது. (சிரிப்பை அடக்கியதால் துடித்ததாம். பிறகு சொன்னார்.)

"சைஸ் முன்னே பின்னே இருக்கலாம். ஒரு வாரத்தில் டெலிவரி. வெள்ளிக்கிழமை கட்டாயம்."

அவர் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினார். துக்கம் அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். நேர்முகத் தேர்வின் நடுவில், அறையை விட்டு.

அப்பா வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அது ஸ்பீடு பிரேக்கர் இல்லீங்கப்பா. பூனை. அந்தம்மா உள்ளார அழுகறாங்க."

அப்பா எழுந்தார். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. கம்பளம் விரித்திருந்ததால் செருப்பை அறைக்கு வெளியே கழற்றிவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு என் பின்னாலேயே உள்ளே வந்தார். வழுக்கைத் தலைக்காரர் பாதி எழுந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்து விரலை லேசாக அசைத்தார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"கும்பிடறனுங்க," என்றார் அப்பா. நாற்காலியை இழுத்து அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "வண்டிய ஓட்டுனது நாந்தானுங்க. புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. தடக்குன்னுச்சு. எறங்கிப் பாத்திருக்கோணும். பாக்காம வந்துட்டனுங்க. தப்பு என்ற மேலதானுங்க."

அந்த அம்மா முகத்திலிருந்து தலைப்பை எடுத்தார். இப்போது சிரிப்பு போய்விட்டிருந்தது.

"பேரு என்னங்க வெச்சிருந்தீங்க?"

அட்டையில் பூனைக்குப் பெயர் கிடையாது. அவர் ஒரு கணம் விழித்து, "மணி," என்றார் தமிழிலேயே.

"எத்தன வருசமுங்க இருந்துச்சு?"

"எட்டு வருஷம்."

"எட்டு வருசம்," என்றார் அப்பா. பிறகு பேசவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. டெலிவரி தேதியை மறுபடி உறுதி செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமலே என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். மூடிக்கொண்டேன்.

"காலைல சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். (அது நிஜம். ஏழு மணியிலிருந்து பூனைக்காக அழுதுகொண்டிருந்தாராம்.) அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எங்க கெடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. நானே எடுத்து, நல்ல எடமாப் பாத்துக் குழி வெட்டி வெச்சர்றனுங்க. நீங்க பாக்க வேண்டாம். வண்டில மம்பட்டி இருக்குதுங்க."

உண்மையாகவே இருந்தது. குண்டடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. மண்வெட்டி இல்லாமல் அப்பா வண்டியை எடுக்க மாட்டார்.

மணி அடித்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, பூனை எதுவும் சாகலைங்க. பூனையே இல்லைங்க. நான் நாடகத்துல நடிக்கிறவ. இது பாப்பாவுக்கு வெச்ச பரீட்சைங்க," என்றார்.

எனக்கு அந்தக் கம்பளத்துக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்பாவோ நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "அப்ப வண்டில ஒண்ணும் அடிபடலீங்களா? அப்பாடா." இரண்டடி நடந்தவர் திரும்பிக் கேட்டார்: "அப்பறம் ஏனுங்க அப்படி அழுதீங்க?"

வழுக்கைத் தலைக்காரர் அந்த அம்மாவிடம் ஏதோ கேட்க, அவர் மண்வெட்டி வரைக்கும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தார். இங்கிலாந்துக்காரர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையைக் குலுக்கவில்லை.

மிச்சம் இரண்டு அறைகளில் நான் என்ன பேசினேன் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஏன் டாக்டராக விரும்புகிறாய் என்று கேட்டதற்கு, பதிலில் மூன்று முறை பூனை வந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் அழுதுவிட்டேன். சீட் போனதற்காக மட்டுமில்லை. "அப்பா, உள்ளே போனதும் மொத வார்த்தையே, நான் ஓட்டலை, அப்பாதான் ஓட்டினார்னு சொல்லிட்டேன்."

"ஓட்டுனது நாந்தானே கண்ணு? உள்ளதத்தானே சொன்ன." டீயை ஒரு முறை உறிஞ்சினார். "ஆனா அந்தம்மா அழுதுச்சு பாரு, எனக்கே கண்ணுல தண்ணி வந்திருச்சு."

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்வாகவில்லை. நான்காவது அறையில் எனக்குக் கிடைத்தது எல்லாவற்றிலும் குறைந்த மதிப்பெண். அச்சடித்த கடிதத்தின் அடியில் அந்த வழுக்கைத் தலைக்காரர் பேனாவால் எழுதிய இரண்டு வரி: "அடுத்த ஆண்டு அவசியம் மீண்டும் விண்ணப்பியுங்கள். உங்கள் தந்தைக்கு என் வணக்கம்." அதைப் படித்துச் சொன்னபோது அம்மா, "அப்ப சீட்டு அவருக்கா குடுத்திருக்காங்க?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. சீட்டு அப்பாவுக்குத்தான் கிடைத்தது என்ற கதை எங்கள் வீட்டில் அன்றைக்குத் தொடங்கியது.

அந்த இரண்டு வரிக் கடிதத்தை நம்பித்தான் அடுத்த வருடமும் எழுதினேன். இந்த முறை பஸ்ஸில், தனியாக. ஒரு அறையில் அதே நடிகை இருந்தார். மணி அடித்து நான் எழுந்தபோது மெல்லிய குரலில், "அப்பா வரலீங்களா?" என்று மட்டும் கேட்டார். இந்த முறை கடிதம் தடிமனாக வந்தது, சீட்டோடு. செல்வி அக்கா ஊசி இறங்கிய அதே கையால் என் தலையைத் தடவி, "பேச்சை மட்டும் விட்டுராத தாயி," என்று அனுப்பி வைத்தார்.

பட்டமளிப்பு விழாவுக்கு அப்பாவும் அம்மாவும் இங்கிலாந்து வந்தார்கள். அப்பா வேட்டிக்கு மேலே கம்பளிக் கோட்டுப் போட்டு, கையில் டீக் கோப்பையோடு நின்றார். என் பேராசிரியர் ஒருவர் அவருக்குக் கை கொடுத்து, "நீங்களும் மருத்துவத் துறையா?" என்று கேட்டார். கேள்வியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்தார். "எனக்கும் சீட்டு கெடச்சுது, மொத தடவையேன்னு சொல்லு கண்ணு. மிஷினப் பாத்துக்க ஆளில்ல, அதான் புள்ளைய அனுப்பி வெச்சேன்னு சொல்லு."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். பேராசிரியர் சிரிக்கவில்லை. மிகுந்த மரியாதையோடு, "அப்படியா? எந்தப் பிரிவில் சேர்வதாக இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

அப்பா யோசிக்கவே இல்லை.

"கால்நடைங்க."